எம்.சி. ரோடு சரக்கை ஆன்லைனில் விற்க யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வீடு கொருக்குப்பேட்டை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்கு நைட்டி, குழந்தைகள் உடை எடுத்து இரண்டு வருடமாக வாட்ஸ்அப்பில் விற்கிறேன். இப்போது சொந்தமாக ஆன்லைனில் ஒரு தள்ளுபடிக் கடை தொடங்க ஆசை.

பிரச்சினை விலைதான். 160 ரூபாய்க்கு எடுத்த நைட்டியை 230-க்குப் போடலாம் என்று பார்த்தால், பெரிய ஆப்களில் அதே மாதிரி ஒன்று டெலிவரியோடு சேர்த்து 199-க்குக் கிடக்கிறது. (துணி கொசுவலை மாதிரி இருக்கும். படத்தில் அது தெரியாதே!) எனக்குக் கூரியருக்கே 60 போய்விடுகிறது. போன மாதம் கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பிய 20 பார்சலில் 6 திரும்பி வந்தன. போக வரச் செலவு முழுக்க என் தலையில்.

வீட்டுக்காரர் இந்தியா முழுக்க விற்கலாம் என்கிறார். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் விற்பனை எவ்வளவு குறைவானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சொந்தத் தளத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் வருடம் 40 லட்சம் வரை தேவையில்லை. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

என் யோசனை: ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை ஸ்கூட்டியில் நானே கொண்டுபோய், அளவு சரியில்லை என்றால் வாசலிலேயே மாற்றித் தருவது. இதற்காக 30 ரூபாய் கூடக் கொடுப்பார்களா? இப்படி விற்ற அனுபவம் உள்ள அக்கா, அண்ணன்கள் சொல்லுங்கள். அப்புறம், மாதச் சந்தா இல்லாமல் கடைப்பக்கம் அமைக்க எது நல்லது? சனிக்கிழமை சரக்கெடுக்கப் போகிறேன், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.