மறு: கிற்றார் விரியலாக்கியில் இருவகைத் திரிபு – சொல் வேண்டும்

அன்புள்ள ஐயா,

கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் விரியலாக்கியில், முன்பகுதி வால்வுகளிலும் (வெற்றிடக் குழாய்கள்) பின்பகுதி வால்வுகளிலும் அலை உருமாறுவதை ஆங்கிலத்தில் ‘பிரீஆம்ப் டியூப் டிஸ்டோர்ஷன்’, ‘பவர் டியூப் டிஸ்டோர்ஷன்’ என்கிறார்கள். அவற்றுக்கு நேற்றைய மடலில் நீங்கள் முன்வைத்த ‘முன்னிலைக் குழாய் உருக்குலைவு’, ‘திறன் குழாய் உருக்குலைவு’ ஆகிய இரண்டையும் பலமுறை வாசித்தேன். இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் உருக்குலைவு. நான் கிளிநொச்சியில் ஒலிபெருக்கிப் பெட்டிகள் திருத்துகிறவன். பெரும்பாலும் கோயில் திருவிழாக்களுக்குப் போகும் பெட்டிகளே என்னிடம் வரும். அவற்றில் ஒலி கரகரத்தால் அது பழுது. சென்ற ஆண்டு, தேவாலயத்தில் கிற்றார் வாசிக்கும் ஒரு தம்பி பழைய வால்வுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “உருக்குலைவு நன்றாகக் கேட்கிறது” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்த ஒலிக்காகவே பணம் சேர்த்து அதை வாங்கியிருந்தார். நானோ அது கெட்டுவிட்டதாகச் சொல்கிறேன் என்று எண்ணிவிட்டார். விரும்பிச் செய்யும் ஒன்றுக்குக் குலைவு என்று பெயரிடக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

திரிபு பொருந்தும். மண்ணும் குடமும் சேர்ந்து மட்குடம் ஆவதை நம் இலக்கணம் திரிதல் என்கிறது. அங்கே எழுத்து கெடவில்லை, விதிப்படி வேறொன்றாகிறது. வால்வுக்குள் அலைக்கு நேர்வதும் அதுவே. செய்தி வழக்கில் ‘உண்மையைத் திரித்தல்’ என்ற கெட்ட வாடை இச்சொல்லுக்கு உண்டு என்பதை அறிவேன். அதற்காக ஒரு நல்ல சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

அடுத்து, முன்னிலை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தவர் எவருக்கும் அது ‘நீ, நீங்கள்’ என்றே ஒலிக்கும். ‘திறன்’ தமிழகத்துக்குச் சரி. இங்கே பாடநூல்களில் வலு என்பதுதான் வாட்டில் அளக்கும் அளவு. திறன் என்றால் எங்கள் மாணவர்கள் வினைத்திறனை நினைப்பார்கள். விரியலாக்கி என்ற சொல்லையும் அந்தப் பாடநூல்களிலிருந்தே எடுக்கிறேன்.

எனக்குப் பெரிய தடையாக இருப்பது ‘குழாய்’. ஆங்கில வழக்கு வால்வின் பெயரால் இரண்டையும் பிரிக்கிறது. முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 போன்ற சிறு வால்வுகள். பின்பகுதியில் ஈஎல்34, 6எல்6 போன்ற பெரியவை. ஆனால் பல பெட்டிகளில், பெரிய வால்வுகளுக்கு முன்னே அலையை எதிரெதிர் அவத்தைகளாக (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) பிரித்துக் கொடுப்பதும் ஒரு 12ஏஎக்ஸ்7தான். பெட்டியை முழு ஒலியில் வைத்தால் அதுவும் திரிக்கும். வால்வைப் பார்த்தால் அது முதல் வகை. இடத்தைப் பார்த்தால் இரண்டாம் வகை. காதுக்கு அது இரண்டாம் வகையோடுதான் சேர்ந்து கேட்கிறது. பெரிய வால்வுகளை ஒலிபெருக்கியோடு இணைக்கும் வெளியீட்டு நிலைமாற்றியும் (டிரான்ஸ்ஃபார்மர்) தன் பங்குக்குத் திரிக்கிறது. அது குழாயே அன்று. ஆகவே கட்டத்தால் பெயரிடுவோம்: முன்கட்டத் திரிபு, வலுக்கட்டத் திரிபு.

சொல் ஒட்டுகிறதா என்று வேலையின் மேல் வைத்துப் பார்த்தேன். வயலில் ஒரு பாத்தியின் வரம்பை நீர் மேவுவதற்கு ஒரு வாய்க்கால் போதும். குளம் வான் பாய மாரி முழுதும் பெய்ய வேண்டும். (வான் என்பதைத் தமிழகத்தார் கலிங்கு என்பர்.) முன்கட்டம் பாத்தி போன்றது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் சிறு வால்வுகளை நிரப்பிவிட்டு, அப்பால் உள்ள முதன்மை ஒலிக்குமிழை (மாஸ்டர் வால்யூம்) குறைத்துக்கொண்டால், அயலவர் உறங்கும் நேரத்திலும் திரிபு கிடைக்கும். மார்ஷல் நிறுவனம் 1975இல் வெளியிட்ட 2203 மாதிரி இவ்வழியில் வந்தது. முன்கட்டத்தில் உள்ளது போன்ற ஒற்றை மூவாய் வால்வு (டிரையோடு) அலையின் இரு பக்கங்களையும் ஒன்றுபோல் வரம்பிடுவதில்லை. அதனால் இரட்டைப்படை மேற்றொனிகளும் (மூல அதிர்வெண்ணின் இரண்டு, நான்கு மடங்குத் தொனிகள்) எழுகின்றன. பல வால்வுகள் அடுக்கப்படும்போது ஒலி அடர்ந்து, ரீங்காரம் கூடி, நீண்டு நிற்கிறது.

வலுக்கட்டம் குளம். இரண்டு ஈஎல்34 வால்வுகள் ஏறக்குறைய 50 வாட் தரும். அந்த அளவுக்கு உரத்து வாசித்தால்தான் அவை திரியத் தொடங்கும். சோடி வால்வுகள் தள்ளியும் இழுத்தும் வேலை செய்வதால், அவற்றில் பிறக்கும் இரட்டைப்படை மேற்றொனிகள் நிலைமாற்றியில் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன, ஒற்றைப்படையே மேலோங்குகிறது. வாசிப்பவர் விரலை மென்மையாக்கினால் ஒலி தெளிகிறது, அழுத்தினால் உறுமுகிறது. இந்தக் கீழ்ப்படிதலுக்காகவே பலர் வலுக்கட்டத் திரிபைத் தேடுகிறார்கள். என் காதும் அந்தப் பக்கமே.

இதோடு இன்னொரு சொல்லும் தேவைப்படும். வால்வுச் சீராக்கி (ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் வால்வு) உள்ள பெட்டியில் பலமாக ஒரு தந்தியைத் தட்டினால், மின்னழுத்தம் சற்று இறங்கிப் பின் ஏறும். நெல் ஆலையின் மோட்டார் தொடங்கும்போது வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குவது போல. இதற்குத் தொய்வு என்று வைத்திருக்கிறேன். கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தவர் எவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

எனக்குத் தீராமல் இருப்பது ஒன்று. அலையின் உச்சி தட்டையாவதை ‘முகடு வெட்டு’ என்று எழுதி வந்தேன். கூராக வெட்டப்படும் இடத்தில் அது சரி. மெல்ல உருண்டு தட்டையாகும் இடத்தில் வெட்டு பொய்யாகிறது. ‘முகடு மழுங்கல்’ என்பதை அதற்குத் தனியாக வைக்கலாமா, அல்லது இரண்டுக்கும் பொதுவாக ‘வரம்பிடல்’ போதுமா? தம்பியிடம் கேட்டேன், மழுங்கல் என்றதும் கத்தியை நினைத்தாராம். உங்கள் கருத்தை எழுதுங்கள் ஐயா.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து