புதுப்பிப்பு: இந்தோசீனாவில் இருந்த தாத்தாவின் படைப்பதிவு திருத்தம் கிடைத்தது

புதுச்சேரியிலிருந்து சொல்தாவாக (பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக) போன தாத்தாவின் பிரெஞ்சுப் படைப்பதிவில் அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது, பிறந்த ஆண்டும் வேறு, அதனால் இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) பணியாற்றிய படையினருக்கான இந்தோசீனா நினைவுப் பதக்கம் அவர் கணக்கில் சேரவில்லை என்று போன வருடம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது.

பலித்தது காரைக்கால் அண்ணன் சொன்ன யோசனை. பிரான்ஸின் போ நகரிலுள்ள படைவீரர் ஆவணக் காப்பகத்துக்கே நேராக எழுதினோம். (அதிகாரிகளின் கோப்புகள் பாரிஸ் அருகே வேன்சேனில் இருக்கின்றன; சிப்பாய்களுடையவை போ நகரில்.) பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவின் நகலையும், தாத்தாவின் பழைய லிவ்ரேயில் (படைப்பணிக் கையேட்டில்) இருந்த மத்ரிக்யுல் எண்ணையும் (படைவீரர் பதிவு எண்) சேர்த்து அனுப்பினோம். பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருந்தாலும் ஆளை அடையாளம் காட்டியது அந்த எண்தான். லிவ்ரே வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள்.

பணிச்சான்று வந்ததும் பதக்கத் தகுதி தெளிவாகிவிட்டது: 1945 ஆகஸ்ட் 16 முதல் 1954 ஆகஸ்ட் 11 வரையிலான காலத்தில் இந்தோசீனாவில் குறைந்தது 90 நாள் பணி. தாத்தா அதைவிட வெகுகாலம் இருந்திருக்கிறார்.

எதிர்பாராதது ஒன்று. பதக்கம் தபாலில் வராதாம். நாமே விலைக்கு வாங்க வேண்டுமாம். பாரிஸில் இருக்கும் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறோம்.