கவுலைப் பூட்டினால் மட்டும் திணறும் 30 சிசி பெட்ரோல் எஞ்சின்

கேள்வி:
வணக்கம். ஏறத்தாழ இரண்டு மீட்டர் இறக்கை கொண்ட மாதிரி விமானத்தில் 30 சிசி டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறேன். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வால்ப்ரோ நிறுவனத்துடையது. கவுல் (எஞ்சினை மூடும் முன்பக்க உறை) இல்லாமல் தரையில் ஓட்டும்போது ஐட்லிங்கிலும் முழு த்ராட்டிலிலும் ஒரு குறையும் இல்லை. கவுலைப் பூட்டிப் பறக்கவிட்டாலோ, முழு வேகத்தில் சில நொடிகளிலேயே சத்தம் மெலிந்து எஞ்சின் சோர்ந்துவிடுகிறது. த்ராட்டிலைக் குறைத்தால் தேறிக்கொள்கிறது. ஹை நீடிலை (முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகூசி) மேலும் கால் சுற்று திறந்துவைத்தால் வானில் சரியாக ஓடுகிறது, ஆனால் தரையில் புகை கக்கித் தடதடக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக நீடிலை எங்கே நிறுத்துவது?

பதில் 1:
நண்பரே, அப்படி ஓர் இடம் இல்லை. இது நீடிலின் குற்றமே அல்ல. கார்புரேட்டரின் ஒரு பக்கத்தில் உள்ள தகட்டு மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும், பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தின் (வளையும் மெல்லிய சவ்வு) ஒரு புறம் பெட்ரோல், மறுபுறம் அந்தத் துளை வழியே வரும் வெளிக்காற்று. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சும்போது வெளிக்காற்று டயாஃப்ரத்தை உள்ளே தள்ள, அது ஒரு சிறு நெம்புகோலை அமுக்கி, பெட்ரோல் வரும் வால்வைத் திறக்கிறது. வேகமாகப் பறக்கையில் உங்கள் கவுலுக்குள் காற்றழுத்தம் குறைகிறது என்றே தோன்றுகிறது. அதனால் டயாஃப்ரத்தைத் தள்ளும் விசை குறைந்து கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடுகிறது. மூடியைக் கழற்றி, டயாஃப்ரத்தை எடுத்து வைத்துவிட்டு, அந்தத் துளையின் மேல் ஒரு சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அதிலிருந்து ஒரு டியூபைக் காற்றோட்டமில்லாத விமான உடலுக்குள் கொண்டுபோய் விடுங்கள். பற்றவைப்பு துளையை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதே முதல் வேலை. அது முடிந்தபின் கவுலைப் பூட்டிய நிலையிலேயே புதிதாக ட்யூன் செய்யுங்கள். இரண்டு நீடில்களையும் மெல்ல மூடி (இறுக்கினால் முனை தழும்பாகிவிடும்), ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சுற்று வரை திறந்து தொடங்கலாம். முதலில் லோ நீடில் (குறைந்த வேகத்துக்கானது), ஏனென்றால் அதன் வழியே வரும் பெட்ரோல் முழு த்ராட்டிலிலும் சேர்கிறது. ஐட்லிங்கிலிருந்து சட்டென்று த்ராட்டிலைத் திறக்கும்போது எஞ்சின் அப்படியே நின்றுபோனால் லீன். குளறிக்கொண்டு தயங்கி ஏறினால் ரிச் (பெட்ரோல் அதிகம்). அது சீரான பிறகு ஹை நீடிலை உச்ச வேகம் வரும் வரை மூடி, அங்கிருந்து 100 முதல் 200 ஆர்பிஎம் குறையும் அளவுக்குத் திறந்து நிறுத்துங்கள். பிறகு லோ நீடிலை மறுபடி சரிபார்க்க வேண்டும். நீடிலைத் தொடும்போது புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள், அல்லது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். இதில் அவசரப்பட்டு விரல்களை இழந்தவர்கள் உண்டு.

பதில் 3:
மூடியைத் திறக்கும்போது டயாஃப்ரத்தை விரலில் வைத்து வளைத்துப் பாருங்கள். மொடமொடவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். பங்க்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால் அது விறைத்துப்போகிறது; நான் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அப்படித்தான் ஒன்றை இழந்தேன். எதிர்ப்பக்க மூடிக்குள் சிறு கம்பிவலை ஒன்று இருக்கும், அதையும் கழுவுங்கள். டேங்க்கில் சிலிக்கோன் டியூப் போட்டிருந்தால் அது பெட்ரோலில் உப்பிவிடும். டைகான் (பெட்ரோலைத் தாங்கும் பிளாஸ்டிக்) டியூபே வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டயாஃப்ரம் மெத்தென்றே இருந்தது. கம்பிவலையில் மட்டும் டேங்க் ரப்பரின் கருந்துணுக்குகள் இரண்டு ஒட்டியிருந்தன, கழுவினேன். பித்தளைக் குழாய் பொருத்தி டியூபை உடலுக்குள் விட்டு, சொன்ன வரிசையில் ட்யூன் செய்தேன். இன்று காலை மூன்று முறை முழு த்ராட்டிலில் பறக்கவிட்டும் சத்தம் மாறவில்லை. ஹை நீடில் இப்போது தரையில் சரியாக இருந்த அதே பழைய இடத்தில்தான் நிற்கிறது.