பார்த்ததும் உடம்பு அசைவது பிறவியா, பழக்கமா?

வளர்மதி:
நேற்று அக்கா தன் ஒன்பது மாதக் குழந்தைக்குப் பருப்புசாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். கை குழந்தையின் உதட்டுக்கிட்டே போகும்போதெல்லாம் அவள் வாயும் ஆவென்று திறந்தது. பக்கத்தில் இருந்த எனக்கும் அப்படியே! யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல இது, கூடவே பிறந்தது. இத்தாலியின் பார்மாவில் மூளை ஆய்வாளர் ரிசொலாட்டியின் குழுவினர் 1990களின் தொடக்கத்திலேயே குரங்கின் மூளையில் இதைக் கண்டார்கள். குரங்கு தானே ஒரு பொருளை எடுத்தாலும், இன்னொருவர் எடுப்பதைப் பார்த்தாலும் அதே நரம்பணுக்கள் துடித்தன.

சிவா_கடலூர்:
எடுத்து எடுத்துக் கை பழகின குரங்குகள் அவை. பிறக்கும்போதே இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. லண்டனில் பாலே என்ற மேலைநாட்டு நடனம் ஆடுபவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2006இல் ஒரு ஆய்வு வந்தது. பாலேயில் சில அசைவுகளை ஆண்கள் மட்டுமே ஆடுவார்கள், சிலவற்றைப் பெண்கள் மட்டுமே. சேர்ந்தே பயிற்சி செய்வதால் இரண்டையும் எல்லாரும் தினம் பார்க்கிறார்கள். ஆனாலும் தான் ஆடிப் பழகியதைப் பார்க்கும்போதுதான் அசைவுக்கான மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. கண் பழகியது போதவில்லை, உடம்பு பழகியிருக்க வேண்டும்.

வளர்மதி:
பிறந்து இரண்டு மூன்று வாரமே ஆன குழந்தைகள், எதிரே இருப்பவர் நாக்கை நீட்டினால் தாங்களும் நீட்டின என்று மெல்ட்ஸாஃப், மூர் என்ற ஆய்வாளர்கள் 1977இல் எழுதினார்களே? அதற்குள் எங்கே பழகுவது?

சிவா_கடலூர்:
2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தும் அது கிடைக்கவில்லை. மெல்ட்ஸாஃப் தரப்பு அதை ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சரி, கொட்டாவியை எடுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் சிசுவே கொட்டாவி விடும். அடுத்தவர் கொட்டாவி தொற்றுவதோ நாலு வயதை ஒட்டித்தான்.

வளர்மதி:
மீசையும்தான் பிறக்கும்போது இல்லை. அதுவும் பழக்கத்தில் வந்ததா?

ரஹ்மத்:
நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒரு பெரியவர் வந்தார், முப்பது வருஷம் டீக்கடை வைத்திருந்தவர். டம்ளர் எடுப்பது, பட்டன் போடுவது என்று வீடியோ காட்டி, அதேபோல் செய்து பார்க்கச் சொல்வோம். மற்றதற்கெல்லாம் கை சும்மா கிடந்தது. டீ ஆற்றுவதைக் காட்டியபோது கட்டைவிரல் லேசாக மடங்கியது. ஒருவரை வைத்து முடிவு கட்டமாட்டேன். ஆனால் அக்கா, அந்த விரலைப் பார்த்ததிலிருந்து நான் சிவா அண்ணன் பக்கம்தான்.

வளர்மதி:
பழக்கம் அதைக் கூட்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி, பிறவியில் இல்லை என்பதை அல்ல. அந்தப் பெரியவர் இப்போது டம்ளர் பிடிக்கிறாரா?

ரஹ்மத்:
காலி டம்ளர் பிடிக்கிறார் அக்கா. ஆற்றுவதற்கு இன்னும் நாளாகும்.