இஞ்சிக் கிழங்குப் புரோட்டியேஸ்: டயாலிசிஸுக்குப் பிறகு செயல்திறன் காணோம், உதவுங்கள்

கேள்வி கேட்டவர்:

வணக்கம். இஞ்சிக் கிழங்கிலிருந்து புரதம் சிதைக்கும் நொதியை (புரோட்டியேஸ்) பிரித்தெடுக்க முயல்கிறேன். தோல் சீவி, நறுக்கி, பிஎச் 7 உள்ள குளிர்ந்த பாஸ்பேட் பஃபரில் அரைத்து, துணியில் வடிகட்டி, சென்ட்ரிஃப்யூஜ் செய்கிறேன். இந்தக் கச்சாச் சாறு கேசீனை நன்றாகவே சிதைக்கிறது. அம்மோனியம் சல்பேட் 60 சதவீதம் வரை சேர்த்து வீழ்படிவு எடுத்து, உப்பை நீக்க இரவு முழுக்க அதே பஃபரில் சவ்வுப் பையில் டயாலிசிஸ் வைக்கிறேன். காலையில் பார்த்தால் பைக்குள் கரைசல் பழுப்பாகி இருக்கிறது, செயல்திறன் ஏறக்குறைய பூச்சியம். பையின் துளை அளவு 12 கிலோடால்டன் என்பதால் நொதி வெளியேறியிருக்க வழியில்லை.

இன்னொரு குழப்பம். கச்சாச் சாற்றில் பிஎம்எஸ்எஃப் (செரின் வகைப் புரோட்டியேஸ்களைத் தடுப்பது) சேர்த்தால் செயல்திறன் கொஞ்சம் குறைகிறது, இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடிப்பது) சேர்த்தால் கூடுகிறது. அப்படியானால் இது செரின் வகையா?

பதில் 1:

அந்தக் கரைசலைக் கொட்டிவிடாதீர்கள். நொதி பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது, வேலை செய்யாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இஞ்சிப் புரோட்டியேஸ், பப்பாளியில் உள்ள பப்பெயின் குடும்பத்துச் சிஸ்டீன் புரோட்டியேஸ், அதாவது சிஸ்டீன் அமினோ அமிலத்தைக் கொண்டு வேலை செய்வது. இப்படியொரு நொதி இஞ்சியில் இருப்பது 1973இலேயே வெளியானது. அதன் ஒரு வடிவத்தின் படிக அமைப்பும் 1999இல் வந்துவிட்டது. வினை நடக்கும் இடத்தில் ஒரு தயால் தொகுதி (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து செயலிழக்கும். செம்பு போன்ற உலோக அயனிகள் துளி இருந்தாலும் இது வேகமாக நடக்கும். இடிடிஏ சேர்த்ததும் செயல்திறன் கூடுவது அதனால்தான், அந்த அயனிகளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. பிஎம்எஸ்எஃப் செரின் வகைக்கானது என்றாலும் பப்பெயின் போன்றவற்றையும் ஓரளவு தடுக்கும். டிடிடி (தயாலை மீட்கும் ஒடுக்கி) சேர்த்தால் அந்தத் தடை நீங்கும். ஆகவே அதை மட்டும் வைத்துச் செரின் என்று எழுதிவிட வேண்டாம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். டயாலிசிஸ் செய்த மாதிரியில் கொஞ்சம் எடுத்து, 5 மில்லிமோலார் டிடிடி, 1 மில்லிமோலார் இடிடிஏ சேர்த்து 15 நிமிடம் வைத்துவிட்டு அஸே (செயல்திறன் சோதனை) செய்யுங்கள். டிடிடி சேர்க்காத மாதிரியையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

பதில் 2:

மேலே சொன்னது சரி. ஆனால் பழுப்பு நிறத்தைச் சாதாரணமாக விடக் கூடாது. கிழங்கை அரைத்ததும் பாலிஃபீனால்களும் அவற்றை ஆக்சிஜனேற்றும் நொதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அப்போது உருவாகும் குயினோன்கள் தயாலோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதை டிடிடியால் மீட்க முடியாது. எனவே அரைக்கும்போதே பஃபரில் 0.2 சதவீதம் அஸ்கார்பிக் அமிலமும் 2 சதவீதம் பிவிபிபியும் போடுங்கள், பிஎச்சை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிவிபிபி நீரில் கரையாது, ஃபீனால்களைப் பிடித்துக்கொண்டு சென்ட்ரிஃப்யூஜில் அடியில் போய்விடும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அசிட்டோன் பொடி முறை. மைனஸ் 20 டிகிரியில் குளிர்ந்த அசிட்டோனில் கிழங்கை அரைத்து, வடிகட்டி, திரும்பத் திரும்பக் கழுவி உலர்த்துங்கள். எண்ணெய்ப் பொருட்களும் பெரும்பகுதி ஃபீனால்களும் போய்விடும். பொடியைக் குளிரில் வைத்து வேண்டும்போது பஃபரில் கரைக்கலாம். கூடுதல் வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு எல்லாமே எளிதாகிறது.

கேசீன் அஸேயை 280 நானோமீட்டரில் படிக்கிறீர்களா? ஃபீனால்களும் அங்கேதான் ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு மாதிரிக்கும் தனி பிளாங்க் (வினை நடக்காத ஒப்பீட்டு மாதிரி) வேண்டும்: முதலில் நொதியை நிறுத்தும் டிசிஏ அமிலம், பிறகு கேசீன், கடைசியில் நொதி. புரத அளவைக் காணும் லௌரி முறையும் ஃபீனால்களைப் புரதமாகக் கணக்கிட்டுவிடும். அந்தக் கணக்கில் வரும் சுத்திகரிப்பு மடங்கை நம்பவே முடியாது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. டிடிடி போட்ட மாதிரியில் செயல்திறன் பெருமளவு திரும்பிவிட்டது! போடாததில் அப்படியே பூச்சியம். அசிட்டோன் பொடியிலிருந்து எடுத்த சாறும் வெளிர் நிறமாகவே நிற்கிறது. அடுத்து டிஇஏஇ நிரலில் (மின்னூட்டத்தைக் கொண்டு புரதங்களைப் பிரிப்பது) ஏற்றப் போகிறேன். குணங்களை ஆராயும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:

மகிழ்ச்சி. டயாலிசிஸ் பஃபரிலும் நிரல் பஃபரிலும் இடிடிஏவும் 1 அல்லது 2 மில்லிமோலார் சிஸ்டீனும் இருக்கட்டும். ஆனால் விழித்திருக்கும் நொதி தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும். நீண்ட சுத்திகரிப்பு என்றால் சிஸ்டீனுக்குப் பதில் சோடியம் டெட்ராதயோனேட் சேர்த்து தயாலை மூடி வைத்து, அஸேயின்போது டிடிடியால் திறக்கலாம். நிரலில் இரண்டு சிகரம் வந்தால் பதற வேண்டாம், இஞ்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு.

பிஎச் வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கேசீன் பிஎச் 4.6 அருகே தானாகவே வீழ்படியும். அங்கே தெரியும் சரிவு நொதியுடையது அல்ல. அமிலப் பக்கத்துக்கு ஹீமோகுளோபினைப் பயன்படுத்துங்கள். வெப்பநிலையில் 60 டிகிரி அருகே உச்சம் வரலாம், ஆனால் அது நிலைத்தன்மைக்குச் சான்றாகாது. அதே வெப்பத்தில் நொதியை மட்டும் தனியாக வைத்து, நேரம் போகப் போக மிச்சம் எவ்வளவு என்று அளந்துதான் அதைச் சொல்ல வேண்டும்.

வகையை உறுதி செய்ய, சிஸ்டீன் வகைத் தடுப்பானான இ-64, 10 மைக்ரோமோலார் போதும். தயாலைத் தடுக்கும் இன்னொரு பொருளான ஐயோடோஅசிட்டமைடு டிடிடியோடு வினைபுரிந்து வீணாகும், இ-64க்கு அந்தச் சிக்கல் இல்லை. கூடவே ஆஸ்பார்டிக் வகைத் தடுப்பானான பெப்ஸ்டாட்டினும் ஓட்டுங்கள். ஒவ்வொரு தடுப்பானுக்கும் அது கரைந்திருக்கும் கரைப்பானை மட்டும் சேர்த்த ஒரு குழாயையும் வையுங்கள்.