மெரோபெனெம் கேட்காத கிளெப்சியெல்லா: கொலிஸ்டின் டிஸ்க்கை நம்பலாமா?

லேப்மேசை:
ஐசியு நோயாளியின் ரத்தக் கல்ச்சரில் கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியா. மெரோபெனெம் (கார்பபெனெம் வகை ஆன்டிபயாடிக்) ரெசிஸ்டன்ட். கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினின் 10 மைக்ரோகிராம் டிஸ்க்குக்கு 14 மி.மீ. ஜோன் (கிருமி வளராத வட்டம்). ப்ளட் அகாரில் காலனியை லூப்பால் தூக்கினால் 5 மி.மீ.க்கு மேல் நூலாக இழுபடுது. 'கொலிஸ்டின் சென்சிட்டிவ், ஹைப்பர்விருலன்ட் (அதிவீரியம்)' என்று ரிப்போர்ட் எழுதலாமா?

அகார்தட்டு:
கொலிஸ்டினுக்கு அந்த ஜோனை வைத்து எதுவும் எழுதாதீங்க. பெரிய மூலக்கூறு, அகாருக்குள் சரியாகப் பரவாது. ரெசிஸ்டன்ட் கிருமிக்கும் ஜோன் வந்துடும். மருந்து தடவிய ஸ்ட்ரிப்பையும் நம்ப முடியாது.

பிராத் டிஸ்க் எலூஷன் (டிஸ்க்கிலிருந்து மருந்தைத் திரவத்தில் இறக்கிச் சோதிக்கும் முறை) போடுங்க. நாலு ட்யூப், ஒவ்வொன்றிலும் கேட்டயான் (கால்சியம், மெக்னீசியம்) அளவு சரிசெய்த முல்லர்-ஹின்டன் பிராத் என்ற வளர்ப்புத் திரவம் 10 மி.லி. கண்ணாடி ட்யூப்தான் நல்லது, மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கும். முறையே 0, 1, 2, 4 டிஸ்க் போட்டால் மி.லி.க்கு அத்தனை மைக்ரோகிராம். மெதுவாகக் கலக்கி, அறை வெப்பத்தில் 30 நிமிஷம் விடுங்க. அவசரப்பட்டு இதைக் குறைத்தால் மருந்து முழுசாக இறங்காது, பொய்யாக ரெசிஸ்டன்ட் காட்டும். பிறகு 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவு) கிருமி சஸ்பென்ஷன் 50 மைக்ரோலிட்டர் ஒவ்வொரு ட்யூபிலும் சேர்த்து, 35 டிகிரியில் 16–20 மணி நேரம்.

2 டிஸ்க் ட்யூப் கலங்கியிருந்தால் ரெசிஸ்டன்ட். தெளிவாக இருந்தால் 'இன்டர்மீடியட்'. 2020லிருந்து சிஎல்எஸ்ஐ (அமெரிக்க ஆய்வகத் தரநிலை அமைப்பு) அட்டவணையில் கொலிஸ்டினுக்கு 'சென்சிட்டிவ்' என்ற வகையே கிடையாது. கூடவே, டெஸ்ட் சரியாக வேலை செய்யுதான்னு பார்க்க, ஏடிசிசி 25922 ஈ. கோலையும் ஓட்டுங்க.

பிளாஸ்மிட்:
நூல் இழுபடுவது பிசுபிசுப்புக்கு அடையாளம், வீரியத்துக்குச் சான்று இல்லை. பிசிஆரில் ஏரோபாக்டின் (இரும்பைக் கவரும் பொருள்) ஜீனும் ஆர்எம்பிஏவும் (பிசுபிசுப்பைக் கூட்டும் ஜீன்) இருக்கான்னு பாருங்க. இவை பெரும்பாலும் ஒரே பெரிய பிளாஸ்மிட்டில்தான் (கிருமிகளுக்குள் கைமாறும் டிஎன்ஏ வளையம்) வரும். 2016ல் சீனாவின் ஹாங்சோவில் ஓர் ஐசியுவில் 5 பேர் இறந்தபோது நடந்தது இதுதான்: ஏற்கெனவே கார்பபெனெமுக்கு அடங்காத எஸ்டி11 என்ற கிளெப்சியெல்லா வகைக்குள் வீரிய பிளாஸ்மிட் புகுந்திருந்தது. பிசிஆர் வசதி இல்லையென்றால் 'ஸ்ட்ரிங் டெஸ்ட் பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதி, கல்லீரல் சீழ்க்கட்டி, கண் பார்வை மங்கல் உண்டான்னு பார்க்கச் சொல்லி டாக்டருக்கு போன் போடுங்க.

லேப்மேசை:
நன்றி சார். எம்சிஐஎம் (கார்பபெனெமைச் சிதைக்கும் நொதி இருக்கான்னு பார்க்கும் டெஸ்ட்) பாசிட்டிவ், ஆனால் ஈடிடிஏ (என்டிஎம் வகை நொதியை முடக்கும் பொருள்) சேர்த்த ட்யூபிலும் ஜோன் பெரிசாகலை. அப்போ என்டிஎம் நொதி இல்லைன்னு எடுத்துக்கலாமா?

அகார்தட்டு:
கூடாது. ஈடிடிஏ என்டிஎம்மை அடக்கினாலும் பக்கத்தில் ஆக்ஸா-48 வகை நொதி இருந்தால் அது மெரோபெனெமைச் சிதைத்துக்கொண்டேதான் இருக்கும். ஜோன் எப்படிப் பெரிசாகும்? நம்ம ஊர் கிளெப்சியெல்லாவில் இரண்டும் சேர்ந்தே வருவது சகஜம். ஜீன் பிசிஆர்தான் வழி. என்டிஎம் வந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் தனியாக உதவாது, அஸ்ட்ரியோனாமோடு சேர்த்து டெஸ்ட் பண்ணிக் கொடுங்க.