தாத்தா படம் என்று மாலை போட்டது யாருக்கு? ஐந்து ரிப்பன்களை வைத்துச் சொல்ல முடியுமா?

கேள்வி:

எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. ராணுவ உடை, இருபத்தைந்து வயது மதிக்கலாம், மெல்லிய மீசை. அப்பாவைப் பெற்ற தாத்தா என்று சொல்லித்தான் ஒவ்வொரு திதிக்கும் மாலை போடுகிறோம். தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்குப் போனவர். அவருடைய தம்பியும் பட்டாளத்தில் இருந்தார். சின்னத் தாத்தா எகிப்துப் பக்கம் போனார், கொஞ்ச நாள் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது, 1943லேயே இறந்துவிட்டார் என்பதுதான் வீட்டில் சொல்லும் கதை. அவருக்கு ஒரு படம்கூட இல்லை.

சந்தேகத்தைக் கிளப்பியவர் என் அத்தை. அவருக்கு வயது எழுபத்தெட்டு. "எங்கப்பாவுக்கு வலது புருவத்தில் தழும்பு இருக்கும், இந்தப் படத்தில் இல்லையே" என்று பல வருஷமாகச் சொல்கிறார். படம் எடுத்த பிறகு பட்ட காயமாக இருக்கும் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் அத்தை மகன் இதை ஒரு செல்போன் ஆப்பில் போட்டுக் கலராக்கினான். மார்பில் பதக்கங்களுக்கு அடையாளமாகக் குத்தியிருக்கும் ரிப்பன்களில் மூன்றாவது நீலமும் ஆரஞ்சுமாக வந்தது. பர்மா முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் பதக்கத்தின் ரிப்பனில் அந்த நிறங்கள் உண்டாம். அப்படியானால் தாத்தாதான் என்று பேச்சை முடித்துவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

இடது மார்பில் ஒரே வரிசையில் ஐந்து ரிப்பன்கள். நாம் பார்க்கும்போது இடமிருந்து: முதலாவதில் சம அகலத்தில் மூன்று பட்டைகள், நடுப்பட்டை கன்னங்கரேல் என்று, வலது பட்டை ஏறக்குறைய வெள்ளை. இரண்டாவது வெளிறிய துணி, நடுவில் அகலமான கருப்பு. மூன்றாவதில் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி. நான்காவதில் நடுவில் அகலமாகக் கருமை, ஓரங்கள் சாம்பல். ஐந்தாவதில் நிறைய மெல்லிய கோடுகள். இதை வைத்து என்ன சொல்ல முடியும்?

பதில் 1:

தம்பி, முதல் வேலையாக அந்தக் கலர் படத்தை ஒதுக்கி வையுங்கள். அந்த ஆப் நிறத்தைக் கண்டுபிடிப்பதில்லை, ஊகிக்கிறது. ரிப்பனில் நிறத்தைவிடப் பட்டைகளின் எண்ணிக்கையும் அகலமும்தான் நம்பகமானவை.

நான் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆட்களை மற்ற படைப்பிரிவுக்காரர்களும் "தம்பி" என்றே கூப்பிடுவார்கள், அந்தப் பழக்கத்தில் உங்களையும் அழைத்துவிட்டேன். பழைய படங்களில் ரிப்பன் பார்த்துச் சொல்வதை இருபது வருஷமாகச் செய்கிறேன்.

ரிப்பன்களுக்கு முன்பின் வரிசை உண்டு. நெஞ்சின் நடுவுக்கு அருகில் இருப்பது மூத்தது, தோள் பக்கம் போகப் போக இளையது. வீரப் பதக்கம் இருந்தால் அதுதான் முதலில் வரும். உங்கள் படத்தில் முதலில் இருப்பது 1939–45 ஸ்டார்: கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம், மூன்றும் சம அகலம். முறையே கடற்படை, தரைப்படை, விமானப்படையைக் குறிப்பவை. ஆகவே இவருக்கு வீரப் பதக்கம் இல்லை, அல்லது படம் எடுத்தபோது இல்லை. அதில் குறை ஒன்றும் இல்லை, மிகப் பெரும்பாலோர் அப்படித்தான்.

இரண்டாவது ஆப்பிரிக்கா ஸ்டார் போலத் தெரிகிறது. பாலைவன மணல் நிறத் துணி, நடுவில் அகலச் சிவப்பு, அதற்கு ஒரு பக்கம் கருநீலக் கோடு, மறுபக்கம் வெளிர்நீலக் கோடு. மூன்றாவதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. பர்மா ஸ்டாரில் பட்டைகள் ஏழு: நீலம், ஆரஞ்சு, நீலம், சிவப்பு, நீலம், ஆரஞ்சு, நீலம். ஒரு நல்ல லென்ஸ் வைத்து எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். இரண்டாவது ரிப்பன் மேல் சின்னதாக எண் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:

ஐயா, நன்றி. சட்டத்தைக் கழற்றி, படத்தை ஜன்னல் ஓரம் வைத்து லென்ஸில் பார்த்தேன். மூன்றாவதில் ஐந்தே பட்டைகள். மூன்று முறை எண்ணினேன். எல்லாம் சம அகலம்: கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு. இரண்டாவது ரிப்பனில் பளபளவென்று ஒரு துளி போல இருந்தது, உற்றுப் பார்த்தால் 8 மாதிரி இருக்கிறது. ஒரு பக்கக் கோடு தெரிகிறது, மறுபக்கக் கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நான்காவதின் இரண்டு ஓரங்களிலும் மயிரிழை போல ஒரு கருங்கோடு ஓடுகிறது.

பதில் 1:

அது 8 என்றால் பிரிட்டிஷ் எட்டாம் படை. 1942 அக்டோபர் 23 முதல் 1943 மே 12 வரைக்குள் எட்டாம் படையில் பணியாற்றியவர்கள் ஆப்பிரிக்கா ஸ்டார் ரிப்பனில் அந்த எண்ணை அணிந்தார்கள். எகிப்தின் எல் அலமெய்னில் தொடங்கி துனிசியா வரை. நம் 4வது இந்திய டிவிஷன் அதில் இருந்தது.

ஐந்து சம பட்டைகள் என்றால் பர்மா கிடையாது. ஆனால் இரண்டு ரிப்பன்களுக்கு அந்த அமைப்பு உண்டு. இத்தாலி ஸ்டார்: சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. பிரான்ஸ் ஜெர்மனி ஸ்டார்: நீலம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை, நீலம். 4வது டிவிஷன் ஆப்பிரிக்காவுக்குப் பிறகு இத்தாலிக்குத்தான் போனது, காசினோவில் கடுமையாக அடிபட்டது. எங்கள் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோ அருகில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அந்த மண்ணில் இருந்த மனிதர் ஒருவர் உங்கள் கூடத்தில் இருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. இத்தாலி என்றே என் மனம் சொல்கிறது. ஆனாலும் படத்திலேயே நிரூபிக்க முடிந்தால் நல்லது.

பதில் 2:

முடியும் என்று நினைக்கிறேன். நான் இருட்டறையில் பிரிண்ட் போட்டுப் பழகியவன்.

முதல் ரிப்பனைப் பற்றிச் சொன்னீர்களே, நடுப்பட்டை கன்னங்கரேல் என்று, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடுவில் இருப்பது சிவப்பு. நம் கண்ணுக்கும் எல்லா நிறத்தையும் வாங்கும் ஃபிலிமுக்கும் அந்த மூன்றில் கருநீலம்தான் அதிகக் கருமை. சிவப்பு அதைவிடக் கருப்பாக விழுந்திருந்தால் இது ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம். அதற்குச் சிவப்பு தெரியாது, கருப்பாக்கிவிடும். நீலத்தை உள்ளதைவிட வெளிறிக் காட்டும். ஆப்பிரிக்கா ரிப்பனில் வெளிர்நீலக் கோடு காணாமல் போனதற்கும் காரணம் இதுவே. உதடும் கருத்துத் தெரியும், பாருங்கள்.

இந்தப் படத்தில் எந்த நிறம் எப்படி விழுந்திருக்கிறது என்று முதல் ரிப்பனே உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. அதன் நடுப்பட்டையின் கருமையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ரிப்பனில் அதே கருமை இரண்டு ஓரத்திலும் இருந்து, நடு கொஞ்சம் தணிந்திருந்தால் ஓரம் சிவப்பு, நடு பச்சை, அதாவது இத்தாலி. நடு கன்னங்கரேல் என்றும் ஓரங்கள் தணிந்தும் இருந்தால் பிரான்ஸ் ஜெர்மனி. ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், செல்போனை நேராகப் பிடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:

பார்த்துவிட்டேன். ஓரம் இரண்டும் முதல் ரிப்பனின் நடுப்பட்டை போலவே கருப்பு. நடு சாம்பல். உதடும் கருப்பாகத்தான் இருக்கிறது.

பதில் 1:

அப்படியானால் இத்தாலி ஸ்டார்தான். நான்காவது டிஃபென்ஸ் மெடல், ஆரஞ்சு நடு, பச்சை ஓரம், அதற்குள் கருங்கோடு. ஐந்தாவது வார் மெடல்.

இப்போது ஒரு விஷயத்தை நிதானமாகக் கேளுங்கள். இத்தாலி ஸ்டாரை 1945 மே மாதத்தில்தான் அறிவித்தார்கள். டிஃபென்ஸ் மெடலும் வார் மெடலும் அதே வருஷம் ஆகஸ்ட் மாதத்தில். அந்த ரிப்பன்களைக் குத்திக்கொண்டு படம் எடுத்திருக்கிறார் என்றால், 1945 ஆகஸ்டுக்குப் பிறகு இந்த மனிதர் உயிரோடு இருந்தார். இவர் உங்கள் சின்னத் தாத்தா என்றால் 1943 கதை தவறு. தாத்தாவே என்றால் பர்மா கதையில் பிழை இருக்கிறது. இரண்டில் எது என்று ரிப்பன் சொல்லாது. அதில் பெயர் கிடையாது. தாத்தாவின் பதக்கங்கள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா?

கேட்டவர்:

நேற்று அத்தை வீட்டுக்குப் போனேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டி அவரிடம்தான் இருக்கிறது. துணிப்பையில் மூன்று பதக்கங்கள், ரிப்பன் எல்லாம் இற்றுப்போய்விட்டது. இரண்டு ஆறுமுனை நட்சத்திரங்கள், ஒன்றில் 1939–1945 என்றும் மற்றதில் பர்மா என்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்றாவது வட்டம், பின்பக்கம் இரண்டு தலை மிருகத்தின் மேல் சிங்கம் நிற்கிறது. அடியில் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம். ஓரம் கரையான் அரித்திருந்தாலும் பர்மா என்ற சொல்லும், அடையாளங்கள் என்ற இடத்தில் வலது புருவத் தழும்பும் படிக்க முடிகிறது. சேர்ந்த நாளிலேயே அந்தத் தழும்பு இருந்திருக்கிறது.

பதில் 1:

அந்த வட்டம்தான் வார் மெடல். இனி எனக்குச் சந்தேகம் இல்லை. படத்தில் இருப்பவர் தாத்தா இல்லை.

பதில் 3:

அடுத்த வேலைக்கு இரண்டு வழிகள். போரில் இறந்தவர்களின் பட்டியலை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். இத்தாலியில் தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கு சாங்ரோ ஆற்றங்கரையில் தனி நினைவிடமே உண்டு. நம் பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். இரண்டாவது, எந்தப் படைப்பிரிவு என்று தெரிந்தால் அதன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். படைவீரர் எண் கையில் இருந்தால் வேலை சுலபம். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதம் எழுத உதவி கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. படத்தின் பின்அட்டையைப் பிரித்தபோது பென்சிலில் ஏழு இலக்க எண் ஒன்று கிடைத்தது. தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருப்பது வேறு எண். பென்சில் எண்ணைக் குறிப்பிட்டு இன்று காலை இரண்டு ஊர்களுக்கும் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ எங்க சித்தப்பா சண்டையெல்லாம் முடிஞ்சும் இருந்திருக்காரு" என்றார். படத்தைத் துடைத்து மறுபடி அதே ஆணியில் மாட்டியிருக்கிறோம். தாத்தாவின் மூன்று பதக்கங்களையும் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன், பக்கத்தில் மாட்ட.